மேஸ்திரி என்றொரு கடைசிப் பெயர்

சங்க வேலை என்றால் கொடி பிடிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள், ஆவண அறை வாசலில் ஒரு மத்தியானம் நின்று பார்க்க வேண்டும். நின்று கால் வீங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலிக் கட்டம்

யூசுப் எங்கள் மில்லில் சாயப் பிரிவுத் தொழிலாளி. வேலைநிறுத்தப் பதாகைகளில் படம் வரைந்தவரும் அவர்தான். தாத்தா கோட்டைமேட்டில் கொத்து மேஸ்திரியாக இருந்ததால், பேரனையும் தெருவே மேஸ்திரி என்று கூப்பிட்டது. நமக்கெல்லாம் இனிஷியல் உண்டு, கடைசிப் பெயர் ஏது? கம்ப்யூட்டருக்கோ அந்தக் கட்டம் நிரம்பாமல் விண்ணப்பம் நகராது. இ-சேவை மையத்தில் கேட்டபோது யூசுப் கூச்சத்தோடு "மேஸ்திரி" என்றார். எல்லா அட்டைகளிலும் அதுவே ஏறியது.

மில் மூடியது. யூசுப்பும் போய்ச் சேர்ந்தார். மூடும்போது போட்ட ஒப்பந்தப்படி, மில் கட்டிக் கொடுத்த லைன் வீடு தொழிலாளி குடும்பத்துக்குச் சொந்தம். மேற்பார்வையாளர் குடும்பத்துக்கு இல்லை; மில்லில் மேற்பார்வையாளருக்குப் பெயரே மேஸ்திரி. காலி செய்யச் சொல்லி யூசுப்பின் மனைவி சுலைகாவுக்கு நோட்டீஸ் வந்தது. அவர் தொழிலாளிதான் என்று காட்டும் வருகைப் பதிவேடுகள் எங்கே என்றால், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம். நிர்வாகத்து ஆள் யூசுப்பின் அட்டையை விரலால் தட்டினார்.

"மேஸ்திரின்னு அவரேதான போட்டிருக்காரு, நானாங்க எழுதுனேன்?"

தாத்தாவின் பத்திரம்

நோட்டீஸை எதிர்த்து வழக்குப் போட்டோம். மேஸ்திரி என்பது பதவி இல்லை, வழிவந்த பெயர் என்று காட்ட வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து தாத்தாவின் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். 'கொத்து வேலை மேஸ்திரி' என்று தெளிவாகவே இருந்தது. துண்டறிக்கை படித்தே சட்டம் கற்றவன் நான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நகலில் முத்திரை குத்திய குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, தாத்தன் மேஸ்திரின்னு இருக்குது. பேரன் மேஸ்திரி இல்லீன்னு இதுல எங்கீங்க இருக்குது?"

சென்னைக் கடிதங்கள்

யூசுப்பின் பதாகைகளைக் கேட்டுச் சென்னை ஓவியக் கூடம் ஒன்று அவர் இருந்தபோதே கடிதங்கள் எழுதியிருந்தது. எல்லாமே 'மதிப்பிற்குரிய திரு. மேஸ்திரி' என்று தொடங்கின. பெரிய இடத்திலேயே இதைக் குடும்பப் பெயராக மதிக்கிறார்கள் என்று எங்கள் வக்கீல் அவற்றை நம்பிக்கையோடு நீதிமன்றத்தில் கொடுத்தார்.

எதிர்தரப்பு வக்கீல் அடுத்த பக்கத்தைப் புரட்டி நிதானமாக வாசித்தார்: 'மேஸ்திரி அவர்களின் மேற்பார்வையில் உதவியாளர்கள் பலர் வண்ணம் தீட்டியுள்ளனர்.' அந்த உதவியாளர்கள் வேறு யாருமில்லை, வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த நாங்கள்தான். சிவப்பு முழுவதும் நான் பூசியது. அதைச் சொல்ல எழுந்தேன், உட்காரச் சொன்னார்கள். வெளியே வராந்தாவில் அந்த வக்கீல் என் தோளில் கை வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க தோழர், நீங்க குடுத்த கடுதாசியத்தான் நான் படிச்சேன்."

படத்துக்குக் கீழே

தீர்ப்பு எதிராக வந்தது. சுலைகா ஈரோட்டில் தங்கை வீட்டுக்குப் போவதற்காக, ஜமக்காளத்தில் பாத்திரங்களை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஓவியக் கூடத்து அம்மாள் எனக்குப் போன் செய்தார். பதாகைகளைச் சுவரில் மாட்டியாகிவிட்டதாம். படத்துக்குக் கீழே யூசுப்பை 'மேஸ்திரி மரபின் மூத்த கலைஞர்' என்று குறிப்பிட வீட்டில் சம்மதமா என்று கேட்டார். மேஸ்திரி என்றால் பழைய ஓவியப் பரம்பரை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னம்மா சொல்லட்டும்?" என்றேன். சுலைகா முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மில்லுக் கூலின்னு போடச் சொல்லுங்ணா, ஒரு செவுத்துலயாச்சும் அது இருக்கட்டும்."

உயிரோடு இருந்தவரை மேஸ்திரி என்று யூசுப்புக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதவர்கள், செத்த பிறகு அந்தப் பதவியை வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொண்டார்கள்.