முறத்தின் மேல் போட்ட கையெழுத்து

உள்ளாட்சித் தேர்தல் வந்த ஒரு மார்கழி மாதம். நன்னிலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் எங்கள் ஊர். வயலில் சம்பா தொண்டைக்கதிராக, கதிர் வெளியே வரப்போகிற பருவத்தில் நின்றது. அந்தச் சமயத்தில் நாலு நாள் தண்ணீர் வராமல் நின்றுபோனால் கதிர் பதராகிவிடும். நெல் போட்டவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

எங்கள் வார்டில் ஒன்றியக் கவுன்சிலருக்கு லஸ்கர் தம்பி நின்றார். லஸ்கர் என்றால் ஆற்று மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஊழியர். அந்த வேலை பார்த்தவர், எனக்குச் சின்னவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன்; அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், மேல்மடைக்காரர்கள் மதகை அடைக்க வந்தபோது அவர் அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடியும் வாங்கினார். ஆனாலும் எங்கள் முறைத் தண்ணீர் எங்களுக்கு வந்தது.

எதிர்த்து நின்றவர் பெரிய ஆள். மேல்மடையில் பாதி நிலம் அவருடையது. எங்கள் வாய்க்கால் அவர் வயல்களைத் தாண்டித்தான் வரவேண்டும்.

வேட்புமனுவில் அதே வார்டுக்காரர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊர் ஆம்பிளைகள் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவினார்கள். நான் போடுகிறேன் என்றேன். கைநாட்டு என்றால் அதிகாரி முன்னால் வந்து வைக்க வேண்டுமே என்று லஸ்கர் தம்பி தயங்கினார். எனக்குச் சுருக்கென்றது. முதியோர் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து என் பேரை எழுதக் கற்றவள் நான். வகுப்பில் பலகைக்குப் பதில் முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துத்தான் எழுதுவோம். அன்றைக்கும் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கவிழ்த்து, தாளை அதன் மேல் வைத்து, நிதானமாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் இதில் என் தவறு ஒன்று இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கப் போகும்போதெல்லாம், அங்கே இருப்பவர் என் முகத்தைப் பார்க்காமலேயே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளுவார். எனக்கு எழுதத் தெரியும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்காதவரிடம் நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. விரலை வைத்துவிட்டு வந்துவிடுவேன். சங்கத்துப் புத்தகம் முழுக்க என் கட்டைவிரல்தான்.

மனுவைப் பரிசீலிக்கிற நாளுக்கு முதல் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்த்து நின்றவரின் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் நின்றார்கள். ஒருவன் பேசினான்.

"சங்கத்துல கைநாட்டு வெக்கிற பெரியம்மா, மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம். கள்ளக் கையெழுத்துன்னு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். நாளைக்கு நீங்க அங்க வராம இருந்தா போதும்."

அவன் பைக்கில் ஏறும்போது வயல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"தொண்டைக்கதிரு நல்லா வந்திருக்கு, பெரியம்மா. தண்ணி நின்னுடாம பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னான். சத்தம் போட்டு மிரட்டியிருந்தால்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன். போனால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக் கதிரும் போகும். போகாவிட்டால் மனு தள்ளுபடியாகும், லஸ்கர் தம்பி மேல் கேஸும் வரும். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரு நல்லவருதாம்மா. ஆனா அவரு ஜெயிச்சு வந்து தண்ணி விடறதுக்குள்ள நம்ம கதிரு காஞ்சிடும்" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

விடிந்ததும் என் கால் தானாகப் பஸ்ஸுக்குப் போனது. அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். மதகுப் பலகையில் உட்கார்ந்திருந்த அவர் முகம் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் நேற்று பேசிய அதே ஆள். ஒன்றிய அலுவலகம் வந்ததும் எழுந்து எனக்கு வழி விட்டான். "பாத்து எறங்குங்க, பெரியம்மா. வயசான காலம்" என்றான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே கூட்டம். அதிகாரி ஒரு பெண்பிள்ளை. லஸ்கர் தம்பி சுவரோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, நாற்காலியைக் காட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றார். உட்கார்ந்தேன். மேசை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. போட்டேன். கோணலும் மாணலுமாக, மனுவில் இருந்ததோடு ஒட்டவே ஒட்டாமல் வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். லஸ்கர் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அதுதான் என்னால் முடியாததும். கூலி வேலைக்குப் போன காலத்தில், பண்ணை வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்துதான் காத்திருப்போம். அவர்கள் நாற்காலியில் இருப்பார்கள். சொந்தமாக நிலம் வாங்கிய அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். நாற்காலியில் இருப்பவர் முன்னால் இனிமேல் தரையில் உட்காருவதில்லை. அத்தனை வருஷமும் அதைக் காப்பாற்றியிருந்தேன்.

"மேசையில எனக்கு வராதும்மா. கீழ உக்காந்து எழுதுறேன்" என்றேன்.

அத்தனை ஆம்பிளைகளின் கால்களுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டேன். பஸ்ஸில் வந்தவன், "பழைய எடத்துக்கே வந்துட்டீங்களே, பெரியம்மா" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி எழுந்து வந்து ஒரு ஃபைல் அட்டையை என் மடியில் வைத்தார். முறம் மாதிரியே இருந்தது. கண்ணை மூடி வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போட்டேன்.

அதிகாரி மனுவையும் நான் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். பிறகு மனு ஏற்கப்பட்டது என்று படித்தார். லஸ்கர் தம்பி கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். பைக்கில் வந்தவர்களைப் பற்றி அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் வயலுக்கு ஓடினேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அதை நம்ப முடியாமல் வரப்பிலேயே நின்றேன். அறுவடை வரைக்கும் ஒவ்வொரு விடியலும் அப்படித்தான் ஓடினேன். யாரும் அடைக்கவில்லை. பயம் மட்டும் தினமும் வந்தது. லஸ்கர் தம்பி கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இன்றைக்கும் வாசலில் பைக் வந்து நின்றால் பழைய பயம் திரும்பி வருகிறது. ஆனால் சங்கத்தில் மைப்பெட்டி நகர்ந்து வந்தால் பேனா கேட்டு வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். இதைப் படிப்பவர்களுக்காக நான் சொல்லச் சொல்ல மகள் எழுதிய இந்தக் கடிதத்தின் அடியிலும், முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் என் மதிப்பு போய்விடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்; ஆனால் அன்றைக்கு ஒரு நல்ல மனிதரின் மனுவைக் காப்பாற்றியது அந்தத் தரைதான்.