காலிப் பேழைக்கு ஏற்றிய விளக்கு

சென்ற ஞாயிறு பூசைக்குப் போனபோது கோயிலில் சிவப்பு விளக்கு எரியவில்லை. நோர்வேயின் இந்தச் சிறு ஊரில் கத்தோலிக்கர் ஒரு கைப்பிடிதான். எங்கள் கோயில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். நற்கருணைப் பேழைக்குள், ஆண்டவரின் உடல் என்று நாங்கள் நம்பும் அப்பம் இருந்தால் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும். ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். இங்கே எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை, வெறும் பல்ப். பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "விளக்கு எரியவில்லை" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "மண்டாக், மண்டாக்" என்றார். திங்கட்கிழமை புதுப் பல்ப் போட்டுவிடுவார்களாம். நான் குறை சொல்ல வந்தவன் என்று நினைத்துவிட்டார், பாவம்.

எங்கள் சொந்த ஊர் மண்டூருக்கு அப்பால், வாவியின் மேற்கே, படுவான்கரையில். அங்கே நாங்கள் பத்துப் பன்னிரண்டு வேதக்காரக் குடும்பங்கள். ஞாயிறுதோறும் எங்கள் பாதிரியாரான சுவாமி எதிர்க்கரையிலிருந்து தோணியில் வந்து பூசை வைப்பார். படிப்பு நின்று சும்மா திரிந்த என்னிடம் கோயில் திறப்புச் சாவியைத் தந்து, கூட்டித் துடைக்கும் பொறுப்பைக் கொடுத்தவர் அவர். எதையும் அவரிடம் கேட்டே செய்து பழகிவிட்டேன். சண்டை மூண்ட வாரம் அவர் பேழையிலிருந்த அப்பம் முழுவதையும் எங்களுக்கே கொடுத்து முடித்தார். எல்லோரும் போன பின், காலி என்பதற்கு அடையாளமாகப் பேழையின் கதவைத் திறந்தே விட்டு, அதன்மேல் திரையை இழுத்தார். விளக்கை அணைத்தார். "நான் வருமட்டும் இதக் கொளுத்த வேணாம்" என்றார் என்னிடம். பிறகு அவர் வரவேயில்லை. தோணிகள் நின்றன. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் என் வயது இளைஞர்களை ஒரு பக்கம் இயக்கத்துக்குச் சேர்த்தார்கள். மறுபக்கம் ராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துப் போனது. இருப்பதா, ஓடுவதா? கேட்க ஆளில்லை. செபித்துப் பார்த்தேன். கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ஆண்டவர்மேல் எனக்குக் கோபமே வந்தது.

அப்போதுதான் அந்தோனியா மாமி வந்தார். வட்டைக்கு வயல் பார்க்கப் போன அவருடைய ஒரே மகன் திரும்பி வரவில்லை. கோயில் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தார்.

"விளக்கு எரியல்லியே மனே. ஆண்டவரும் போயிட்டாரா?"

"இல்ல மாமி, எண்ணெய் முடிஞ்சி போச்சு."

"அவர் இரிக்கார்தானே?"

"ஓம் மாமி."

வீட்டுக்கு ஓடித் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொளுத்தினேன். மாமி முழந்தாளிட்டார். அன்றிலிருந்து தினமும் வந்தார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று நானும் பின்னால் முழந்தாளிட்டேன். சுவாமி சொன்னதை மீறினேன், பிள்ளையைத் தொலைத்த தாயை ஏமாற்றினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் விளக்கை அணைக்கத் துணிவில்லை. பக்கத்து ஒழுங்கையில் இரண்டு பேரைப் பிடித்துப் போன அன்று, திறப்பை மாமியின் கையில் வைத்துவிட்டு ஊரை விட்டு ஓடினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

எட்டு வருடம் அது என் நெஞ்சில் கிடந்தது. சென்ற மாதம்தான் மாமிக்குக் கடிதம் போட்டு, களுவாஞ்சிக்குடியில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வரச் சொல்லி, அங்கே அழைத்தேன். சுகம் விசாரித்து முடிவதற்குள் கொட்டிவிட்டேன்.

"மாமி, அந்தப் பேழை காலி. நான் உங்களுக்குப் பொய் சொன்னன்."

இரைச்சலுக்கு மேலாக மாமியின் குரல் வந்தது.

"தெரியும் மனே. காத்துக்குத் திரை விலகக்குள்ள கதவு திறந்து கிடந்தத அண்டைக்கே கண்டுட்டன்."

"பிறகு ஏன் மாமி முழந்தாளில நிண்டீங்க?"

"வேற ஆரிட்டப் போற நான்?" என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "இப்பவும் கொளுத்துறன். சுவாமி வரல்ல. மகனும் வரல்ல."

நான் ஏமாற்றிவிட்டேன் என்று எண்ணியிருந்த மாமி, தெரிந்தே எட்டு வருடம் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். நானோ பூசை, பாடல், பாதிரியார் என்று எல்லாம் இருக்கும் ஊரில், ஒரு பல்ப் எரியாததற்குக் கலங்கி நிற்கிறேன்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பின்னும் நான் எழும்பவில்லை. இங்கே பேழை பூட்டியிருந்தது. ஆண்டவர் உள்ளேதான் இருந்தார். பூ அடுக்கிய பெண் கையில் சாவியோடு வாசலில் காத்து நின்று, "மண்டாக்" என்றார் மறுபடியும். தலையாட்டினேன். என் முழந்தாள் இந்தத் தரையில்தான் இருந்தது. நான் கும்பிட்டது படுவான்கரையில் திறந்து கிடக்கும் அந்தப் பேழையை.