மலையைப் பார்த்து விசில் ஊதியவர்

தொண்ணூறுகளில், மணிமுத்தாறிலிருந்து திருநெல்வேலி வரும் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். ஒடிசலான மனிதர், காதோரம் நரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி, மேற்கே மலையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். சித்திரைக் கடைசி. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டும்.

கல்லிடைக்குறிச்சியில் ஏறிய விவசாயி கேட்டார்: "அணைக்குத் தண்ணி வருமா? கார் நெல்லுக்கு நாத்துப் பாவலாமா?"

"மலை கறுத்துக் கெடக்கு அண்ணாச்சி. தைரியமாப் பாவுங்க."

சேரன்மகாதேவியில் ஏறிய செங்கல் சூளைக்காரம்மா, முந்தின நாள் மழையில் சுடாமல் காயவைத்திருந்த பச்சைக்கல்லில் பாதி கரைந்துவிட்டதென்று அழாத குறையாகச் சொன்னார்.

"இனி இங்கன பெய்யாது தாயி. கல்ல அறுத்துக் காயப் போடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆளுக்கு ஒண்ணு சொல்லுதீரே?" என்றேன்.

"அவருக்கு மலையில மழை வேணும், அந்தம்மாவுக்குக் கீழ வெயில் வேணும். ரெண்டும் சேந்து நடக்கக் கூடாதா வே?"

பேட்டையில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். டிக்கெட் பையைப் பாலிதீன் உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் நிம்மதியாகத் தூங்கும் சூளைக்காரம்மா சரசரப்பில் விழித்துவிடாதபடி, பைய.