நோமிக்கோஸின் பாதிக் கல்

எங்கள் தீவில் மியூசியம் என்றால் இரண்டே அறை, ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். அவ்வளவுதான். கப்பலைவிட்டு இறங்கிய வெளியூர்க்காரன் அரை மணியில் பார்த்து முடித்துவிட்டு மீன் சாப்பிடப் போய்விடுவான். கொத்தனார் இசிடோரோஸ் மட்டும் எழுபத்து மூன்று வயது வரைக்கும் அதற்குள் கால் வைத்ததில்லை. இத்தனைக்கும் தினமும் காலையில் பக்கத்துக் கடையில்தான் ரொட்டி வாங்குகிறார். கேட்டால், உடைந்த பானையைப் பார்க்க அங்கே எதற்குப் போக வேண்டும், எங்கள் வீட்டிலேயே ஏராளம் இருக்கிறது என்பார். நாங்களும் சிரிப்போம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

விஷயம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு முதலில் வீடு, அப்புறம்தான் கல்யாணம். மகள் பிறந்ததுமே அப்பன் கல் சேர்க்க ஆரம்பித்துவிடுவான். இசிடோரோஸுக்கும் ஒரு மகள், அன்னேஸா. பக்கத்து நிலத்துக்காரர் நோமிக்கோஸுக்கும் ஒரு மகள், மரூசா. இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளை பேசியாயிற்று. நடுவில் ஒரு கல்சுவர். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஒரே வசந்தத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

நோமிக்கோஸின் கடப்பாரை பளிங்கில் இடித்தது. பழைய காலத்துக் கல்லறைக் கல்லின் மேல்பாதி. அதில் செதுக்கிய ஒரு சிறுமி. முகம், தோள், கீழே நீட்டிய ஒரு கை. மணிக்கட்டோடு கல் உடைந்திருந்தது. வேறு எவனாக இருந்தாலும் நாலு கூடை மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பான். நோமிக்கோஸ் வெங்காயம் போட்டுப் பிழைக்கிற மனுஷர், சூதுவாது தெரியாது. நேரே போலீஸில் போய்ச் சொல்லிவிட்டார். பெரிய தீவிலிருந்து தொல்பொருள் ஆபீஸ்காரர்கள் படகில் வந்தார்கள், நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், மூன்று மாதம் பொறுங்கள் என்றார்கள். அந்த மூன்று மாதம் ஏழு வருஷமாக நீண்டது. மரூசாவுக்குப் பேசியிருந்த கப்பல் மெக்கானிக் இரண்டு வருஷம் காத்திருந்தான். பிறகு ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸில் தயாராக வீடு வைத்திருந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் மரூசாவுக்கு ஒன்றும் அமையவில்லை.

பக்கத்தில் கயிறு கட்டிய ஒன்பதாம் நாள் இசிடோரோஸின் கடப்பாரையும் பளிங்கில் இடித்தது. புரட்டிப் பார்த்தார். அதே கல்லின் கீழ்ப்பாதி. பாவாடை மடிப்பு, இரண்டு பாதம், ஒரு வாத்தின் கழுத்தைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள். செப்டம்பரில் அன்னேஸாவுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. மனுஷர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மைத்துனனைக் கூப்பிட்டார், தார்ப்பாயில் சுற்றினார், புது வீட்டு வாசலில் படியாகக் கவிழ்த்துப் பதித்துவிட்டார். தொல்பொருள் ஆபீஸிலிருந்து வந்த அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து உங்கள் பக்கம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டதற்கு, தேள் கிடைத்தது, வேண்டுமா என்று கேட்டாராம். செப்டம்பரில் மூன்று நாள் ஆட்டம் பாட்டத்தோடு கல்யாணம் முடிந்தது.

சரி, பெண்ணைப் பெற்றவன், பயந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். ஆனால் இவர் அதோடு நிற்கவில்லையே. தன்மேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நோமிக்கோஸைப் பழித்துக்கொண்டே இருந்தார். 'கல் மந்திரி' என்று பெயர் வைத்தது இவர்தான். நோமிக்கோஸ் காப்பிக் கடைக்குள் நுழைந்தால், "மந்திரி வர்றாரு, எந்திரிங்கடா" என்பார். அந்த மெக்கானிக் ஓடிப்போன வாரம்கூட இந்த வாய் சும்மா இருக்கவில்லை. "போனா போறான். மந்திரி பொண்ணுக்கு ஏதென்ஸ்லேந்து கல்லு மாப்பிள்ளை வருவான்" என்று சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். நோமிக்கோஸ் ஒரு பதிலும் சொன்னதில்லை. கடலைப் பார்த்தபடி காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். விவரம் கெட்ட மனுஷன் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

போன அக்டோபரில் நோமிக்கோஸ் இறந்தார். நாற்பதாம் நாள் கோயிலில் பூசை முடிந்து, சர்க்கரை கலந்த அவித்த கோதுமையை எல்லோருக்கும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதை வாங்கியவர்கள் இறந்தவரின் பெயரில் காப்பியும் குடித்து, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் வழக்கம். மரூசா குடியிருப்பது சின்னதொரு வாடகை அறை. பத்துப் பதினைந்து வருஷமாக மியூசியத்தில் டிக்கெட் மேசை அவளுடையதுதான். அதனால் காப்பி அங்கேதான், முற்றத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

இசிடோரோஸ் முட்டிவலி என்று நழுவப் பார்த்தார். அவர் மனைவி விடுவாளா? "செத்தவர் காப்பியை வேணாங்கறதுக்கு அவரு உனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?" என்று தெருவிலேயே கேட்டுவிட்டாள். போனார்.

முற்றத்தில் காப்பி, பிராந்தி, ரஸ்க் எல்லாம் ஆயிற்று. அப்பா கண்டெடுத்ததை எல்லோரும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மரூசா உள்ளே கூட்டிப்போனாள். சுவரோடு ஒரு பீடத்தில் அந்தப் பாதிக் கல் நின்றது. கீழே ஒரு அட்டையில் 'நோமிக்கோஸ் நிலத்தில் கிடைத்தது' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தக் கையில் என்னம்மா இருந்திருக்கும் என்று பாதிரியார் கேட்டார். அதைத்தான் இருபது வருஷமாக ஏதென்ஸ்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றாள் மரூசா. ஒருத்தர் பந்து என்கிறார், ஒருத்தர் திராட்சைக் கொத்து என்கிறார். தனக்கென்னவோ பொம்மை என்றுதான் படுகிறது என்றாள்.

இசிடோரோஸ் அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். ஆறேழு வயதிருக்கும். சிரிக்கப் போகிறவளைப் போல உதட்டைக் குவித்திருந்தாள். பாதத்தையும் விரலையும் மட்டுமே அறிந்திருந்த மனுஷர் தன்னை மறந்துவிட்டார்.

"பொம்மை இல்லம்மா, வாத்து. கழுத்தப் புடிச்சிருக்கா."

நுணலும் தன் வாயால் கெடும். இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த ரகசியம் ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீர் எப்போதய்யா பார்த்தீர் என்று பாதிரியார் சிரித்தபடி கேட்டார். இசிடோரோஸின் பழக்கப்பட்ட நாக்கு அல்லவா, சமாளித்துவிட்டது. சின்ன வயதில் தன் தங்கை இப்படித்தான் வாத்தைப் பிடித்துக்கொண்டு அலைவாள், தோள் இறங்கியிருக்கிற விதத்தைப் பார்த்தால் ஒரு கொத்தனுக்குத் தெரியாதா என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். மரூசா சிரிக்கவில்லை. நேராகவே இருந்த அட்டையை இன்னொருமுறை நேராக வைத்தாள்.

அதோடு அவர் தப்பித்துப் போயிருக்கலாம். வெளிவாசல் வரைக்கும் போனார். சொன்னால் அன்னேஸாவின் வாசலைப் பெயர்ப்பார்கள், தரையைத் தோண்டுவார்கள், போலீஸ், கோர்ட் என்று இந்த வயதில் அலைய வேண்டும், ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லாம் புரிந்தது. இருந்தும் கால் நகரவில்லை. முற்றத்துக் கல்மேடையில் மரூசா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அவரும் இரண்டு கோப்பையைக் கையில் எடுத்தார்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "அப்பாவுக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னுருக்காரு. நீங்களும் உங்க மச்சானும் தார்ப்பாயில சுத்தித் தூக்கிட்டுப் போனதப் பாத்தாரு. அம்மா அப்பவே போலீஸுக்குப் போறேன்னு கெளம்பிட்டாங்க. அப்பாதான் கதவ மறிச்சு நின்னாரு. நம்ம பொண்ணு வீடு நின்னு போச்சு, அன்னேஸா வீடாவது எழும்பட்டும்னாரு."

இசிடோரோஸ் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார். தன் சாமர்த்தியத்தில் நிற்கிறது என்று நினைத்திருந்த வீடு. அது அந்த மனுஷன் வாயைத் திறக்காததால் நின்ற வீடு. மந்திரி மந்திரி என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நோமிக்கோஸ் ஒரே வார்த்தையில் தன்னைச் சந்தியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

"அவர என்னென்ன பேசிட்டேன் மரூசா" என்றார். "உன்னையும்தான்."

"கேட்டுட்டுதான் இருந்தேன் மாமா. காப்பிக் கடை ஜன்னல் இந்தப் பக்கம்தான் தொறந்துருக்கும்."

அவருக்கு மேற்கொண்டு மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டார். அன்னேஸா வீட்டு வாசற்படி அதுதான், கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், நாளைக்கே ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன், கேஸ் வந்தால் வரட்டும் என்றார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். மரூசா திட்டவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கல்யாணம் பேசிய காலத்துக்குப் பிறகு அவர் பார்த்ததில்லை.

"வர்றவங்க எல்லாம் அந்தப் புள்ள பேரு என்னன்னுதான் கேப்பாங்க மாமா. எனக்குச் சொல்லத் தெரியாது. கால் பக்கம் பட்டையா ஒரு விளிம்பு இருக்கணும், அதுலதான் பேரு எழுதுவாங்களாம். எழுத்து இருந்துச்சா?"

இசிடோரோஸ் தன் கைகளைப் பார்த்தார்.

"இருந்துச்சும்மா. ஒரு வரி. அந்த விளிம்பு துருத்திக்கிட்டு இருந்துச்சு, படி சமமா உக்காரல. உளியெடுத்து நான்தான் செதுக்கித் தள்ளினேன்."

"அதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தீங்களா?"

"படிக்கல."

மரூசா எழுந்து, அவர் கையிலிருந்த இரண்டு கோப்பைகளையும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.