இனிஷியல் இல்லாத பாக்கியம்

செல்லூரில் விசைத்தறிக் கூடத்து மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். எண்பத்தொன்பதாம் வருஷம், பதினெட்டுப் பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தால், கீழே ஓடும் தறிச்சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்கும். எங்களோடு படித்த பாக்கியம் அதைக் கேட்டபடி கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பாள்.

வேறு வேலையும் இல்லை அவளுக்கு. ஆளுக்குப் பத்து நிமிடம், இங்கிலீஷ் எழுத்து வரிசையில், இனிஷியல்படி. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். பதினைந்து பேருக்கு மேல் வாய்க்காது; மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பாக்கியத்துக்கு இனிஷியலே கிடையாது. அவள் பிறக்குமுன் விட்டுப்போன மனிதரின் எழுத்தைப் போட அம்மா சோணையம்மாள் சம்மதிக்கவில்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் பாக்கியம் கடைசி. மூன்று வாரமாக ஒரு கீயைக்கூடத் தொடவில்லை. அடுத்த மாதம் பரீட்சை.

பஞ்சாபகேசன் சார் ஒவ்வொரு சொல்லின் வாலையும் கிணற்றுக் கயிறுபோல இழுத்து இழுத்துப் பேசுவார். அன்று ஆப்ஜெக்ட் என்கிற தகவல் பொட்டலம் பற்றிப் பாடம். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆப்ஜெக்டாம். பேரும் இனிஷியலும் எங்களுக்குள்ளேயே இருக்குமாம்.

"பதினெட்டுப் பேரையும் மெஷினுக்குத் தெரியாது. ரெண்டு ரெண்டு பேரா நிறுத்தி, யாரு முன்னாடின்னு நீங்க சொன்னாப் போதும். மிச்சத்த அது பாத்துக்கும்."

இனி கம்ப்யூட்டரில் உட்காருவதற்கும் அது தரும் வரிசைதான் என்று சொல்லி, இனிஷியலை ஒப்பிடும்படி எழுதி ஓட்டினார். பாக்கியம் முதலில் வந்துவிட்டாள். மெஷினுக்கு வெற்றிடம் 'ஏ'வைவிடச் சின்னதாம். சார் முகம் சுளித்து, வெற்றிடத்தைக் கடைசிக்குத் தள்ள ஒரு வரி சேர்க்கப் போனார்.

பாக்கியம் எழுந்தாள்.

"காலியா இருக்குன்னு முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம் சார். பேர மட்டும் பாக்கச் சொல்லுங்க."

சார் ஒப்பிடும் வரியை அழித்து, பேரை மட்டும் பார்க்கும்படி எழுதினார். திரையில் பச்சைப் பெயர்கள் இரண்டிரண்டாய் இடம் மாறி, மீன்கள்போல மேலும் கீழும் நீந்தி நின்றன. அனந்தநாராயணன், ஆனிமேரி, பாக்கியம். இதுவரை முதல் ஆளாயிருந்த ஏ. லூர்துராஜ் பதினொன்று.

மறுநாள் பாக்கியம் மூன்றாவதாக உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் போய்விட்டது.

"தட்டு தாயி," என்றான் லூர்துராஜ். "ஒன்னயும் சேத்து எனக்கு முன்னாடி இன்னும் எட்டுப் பேரு இருக்காங்க."

ஒற்றை விரலால், மெதுவாகத் தட்டினாள்.