மலைமேல் இருக்கிறது பெங்களூர்

2006 வாக்கில் நடந்தது இது. அப்போது பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். சும்மா உட்காரவே வராது எனக்கு. ஸ்கூபா டைவிங்கில் முதல் நிலைப் பயிற்சியை முடித்த கையோடு, முப்பது மீட்டர் ஆழம் வரை போக அனுமதிக்கும் அடுத்த நிலைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் அலுவலக நண்பனையும் இரண்டு நிலைகளுக்குமே இழுத்துவிட்டேன்.

கர்நாடகக் கடற்கரையில் வார இறுதிப் பயிற்சி. ஞாயிறு காலை கடைசி டைவும் முடிந்தது. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும், மறுநாள்வரை விமானமும் வேண்டாம், மலையும் ஏற வேண்டாம் என்றார் பயிற்சியாளரான பெண்மணி. மலை என்றால் எனக்கு ஊட்டிதான். பெங்களூரிலேயே கிடப்பவனுக்கு அந்த ஊரே மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பது எங்கே நினைவிருக்கும்? திங்கள் காலை மீட்டிங் வேறு.

“மேடம் தங்கிட்டுப் போவ சொன்னாங்களே மச்சா?” என்றான் நண்பன்.

“ஃபிளைட்டா புடிக்கிறோம்? கார்லதான போறோம், ஏறு.”

மலைப்பாதையில் பாதி ஏறியிருப்போம். தோள்பட்டையில் குடைச்சல் என்றான். சற்று நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பெங்களூரில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று ஆக்சிலரேட்டரை மிதித்தேன். முன்னால் போன லாரி வழிவிடவில்லை, ஹாரன் அடித்தே கை ஓய்ந்தது. அவன்தான், “மொதல்ல மேடத்துக்குப் போன் போடு” என்றான்.

செல்போனில் சிக்னல் இல்லை; வழியில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். “மேலே ஹோகபேடி!” என்று கன்னடத்தில் கத்தினார். மேலே போகாதீர்கள், ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் பெருகும், அதுதான் ஆபத்து, படுக்கவைத்து உடனே கீழே கொண்டுவாருங்கள் என்றார். ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஊருக்கு முதுகைக் காட்டி வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு வளைவிலும், “விரலை அசை, விரலை அசை” என்று அவனைப் பாடாய்ப் படுத்தினேன். அடிவாரத்தில் அவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு காத்திருந்தார். அங்கேயே மாஸ்க்கை மாட்டி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

மறுநாள் காலை விரல்களில் உணர்ச்சி வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனோ மனைவிக்குப் போன் செய்து, “நான்தாம்மா அவசரப்பட்டுக் கெளம்பிட்டேன். இவன் இல்லன்னா என்ன ஆயிருக்குமோ” என்றான். பக்கத்தில் நின்ற நான், அவசரப்படுத்தியது நான்தான் என்று திருத்தவில்லை.

இரண்டாம் நிலை முடித்ததற்கான கார்டு இருவருக்கும் கிடைத்தது. இன்றும் அவன் வீட்டுக்குப் போனால், அன்று தன் கணவனைக் காப்பாற்றியதற்காக அவன் மனைவி எனக்கு நன்றி சொல்வார்; அவர் தரும் காபியைத் தலைகுனிந்து குடிக்கும் எனக்கு, முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத உண்மையை இப்படி எழுதத்தான் முடிகிறது.