முதலில் மொட்டை, பிறகு ஞானஸ்நானம்

நான் பிடிவாதக்காரி. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு உண்மையாகத் தேவைப்பட்டது பதின்மூன்று வயதில், நாடுவிட்டு வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில்.

நான் படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பில் எல்லோரும் நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் பெறுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்துக் கத்தோலிக்கர். அப்பா மட்டக்களப்புச் சைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் பூசை காண உள்ளே போவோம், அப்பா காருக்குள் இருந்து பேப்பர் படிப்பார். எனக்கு வெள்ளைச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. ஞானஸ்நானப் பத்திரம் மட்டும்தான் இல்லை; ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு உறுதிபூசுதல் கிடையாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது அதுவும் எரிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அம்மா சொல்லியிருந்தார். எங்களைப்போல் வந்தவர்களிடம் அதற்குமேல் யாரும் துருவிக் கேட்பதில்லை. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் எனக்கு முதல் நன்மை என்கிற திவ்விய அப்பத்தையும் தந்திருந்தார்கள்.

ஒருநாள் பங்குச் சுவாமியார் என்னைக் கூப்பிட்டார். ஊரில் எந்தக் கோயிலில் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று கேட்டு வா, அங்கே பதிவுப் புத்தகம் இருக்கும், நானே எழுதி எடுத்துத் தருகிறேன் என்றார். ஐரிஷ்காரர், நல்ல மனிதர். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"கோயிலும் எரிஞ்சுபோச்சு எண்டு சொல்லு," என்றார்.

எந்தக் கோயில் என்று கேட்டேன். அம்மா மறுபடி மாவைக் குழைக்கத் தொடங்கினார். நான் விடவில்லை. கடைசியில் கதிரையில் இருந்து, மாப்பிடித்த கையைப் பார்த்தபடி சொன்னார். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கடும் வருத்தமாம். பிள்ளை சுகமாகப் பிறந்தால் அதன் தலைமுடியைத் தருவேன் என்று அப்பா தன் ஊர்க் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாராம். முதலில் நேர்த்தி, பிறகு ஞானஸ்நானம் என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்களாம். அம்மனுக்குச் சடங்கு நடக்கும் ஒவ்வொரு வைகாசியும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒருமுறை அப்பாவுக்கு லீவு இல்லை, ஒருமுறை பாதை சரியில்லை. பிறகு வீடு எரிந்தது, விமானம் ஏறினோம். மொட்டையும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நன்மை எடுத்துவிட்டு முழங்காலில் இருக்கும்போது எனக்குள் உண்மையாகவே ஓர் அமைதி வரும். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதுவும் பொய்யா? இல்லை என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அதன்மேல் இன்னொரு பொய்யை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுவாமியாரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அம்மா அழுதார். அவர் மாதத்தில் ஒருநாள் தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பவர். "என்ர முகத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டார். அப்பாவோ நேர்த்தி என்ற சொல் காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சின்னக் காய்ச்சல் வந்தாலே அவர் ஏன் அலுமாரித் தட்டிலிருந்த சாமிப் படங்களுக்கு முன்னால் போய்ப் பேசாமல் நிற்பார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. பதின்மூன்று வருசமாக மனுசன் பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை தனியாக நடந்துபோய்ச் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: ஞானஸ்நானம் வேண்டும் என்பது உன் விருப்பமா, அம்மாவின் விருப்பமா? என் விருப்பம் என்றேன். ஆனால் அதற்குமுதல் அப்பாவின் நேர்த்தியை முடிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. ஏன் என்று கேட்டார். அப்பா கொடுத்த வாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தால், இங்கே நான் கொடுக்கிற வாக்கையும் ஒருநாள் எறிந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, ஞானஸ்நானம் வரைக்கும் நன்மை எடுக்காதே, உறுதிபூசுதலும் மற்றவர்களோடு இல்லை என்றார். அவர் மொட்டைக்குச் சம்மதம் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை.

அப்பாதான் பின்வாங்கினார். "வேணாம் மகள். பள்ளிக்கூடத்தில சிரிப்பாங்க. அது என்ட நேர்த்தி, என்னோட போகட்டும்."

"தலை என்ர தலை அப்பா," என்றேன்.

ஒரு காலை அப்பா குளித்துத் தோய்ந்து, வேட்டி கட்டி, எனக்குத் திருநீறு பூசி, பாத்ரூமில் ஒரு ஸ்ரூலில் என்னை இருத்தினார். முதலில் கத்தரிக்கோல், பிறகு அவருடைய சவர றேசர். இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார். அடுத்த அறையில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்துச் செபமாலை சொன்னார். விழுந்த முடியை ஊருக்கு அம்மனிடம் அனுப்பவென்று துணியில் முடிந்துவைத்துவிட்டு அப்பா என் தலையில் கையை வைத்து விக்கி விக்கி அழுதார். அவர் அழுது நான் அதற்குமுன் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கான்சர் என்று நினைத்துவிட்டார்கள். என்னோடு பேசாதவர்கள்கூட வந்து சொக்லேற் தந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் பிடித்து, எனக்கு வருத்தமில்லை, இது என் அப்பாவின் நேர்த்தி என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள். வாங்கின சொக்லேற்றை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

உறுதிபூசுதல் அன்று, எனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை வீட்டில் தொங்க, நான் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்து மற்றவர்களைப் பார்த்தேன். நெஞ்சு வலித்தது. ஆனாலும் செய்ததற்காக மனம் வருந்தவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. தலையில் லேஸ் முக்காடு போடச் சொல்லி அம்மா கெஞ்சினார். நான் போடவில்லை. அப்பா காரைப் பூட்டிவிட்டு முதல்முறையாக உள்ளே வந்து சுவரோடு நின்றார். வெறுந்தலையில் தண்ணீர் விழுந்தபோது சில்லென்று குளிர்ந்து முதுகு வரைக்கும் ஓடியது.

பிறகு கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். தமிழ்ப் பூசையை ஒழுங்குசெய்யும் அன்ரி அம்மாவின் பக்கத்தில் வந்து, பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று மெல்லக் கேட்டார். அம்மா தப்பிக்கொள்ள அது போதும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் சரி. 

"சுகத்துக்கு ஒரு குறையுமில்லை," என்றார் அம்மா. "இவவின்ர அப்பா கண்ணகை அம்மனுக்கு வைச்ச நேர்த்தி. அதை முடிச்சுப்போட்டுத்தான் ஞானஸ்நானம் எடுத்தவ. முந்திக் குடுத்ததெண்டு நான் சொன்னது பொய்."

அடுத்த மாதத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க அம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் முன் வாங்கிலேயே இருந்தார். நன்மைக்கு நேரம் வந்ததும் எழும்பி ஒதுங்கி, என்னை முன்னால் போகவிட்டார்.